தள்ளத் தள்ள இறுகும் கதவு

அந்த அறைக் கதவுக்கு ஒரு விசித்திரமான குணம் இருந்தது. வெளியே ஆள் நின்றால் உள்ளிருந்து திறக்கும். வெளியே ஆள் இல்லையென்றால் திறக்காது. பூட்டு போட்டிருக்காது, தாழ்ப்பாள் விழுந்திருக்காது, குறுக்கே எதுவும் கிடக்காது. விரல் நுழைகிற அளவுக்கு விலகும், அதோடு சரி. எத்தனை முறை முட்டினாலும் மோதினாலும் அதற்கு மேல் ஒரு நூல்கூட அசையாது. என்ன சத்தம் என்று பார்க்க யாராவது வந்தால், அந்தக் கணமே ஒன்றும் தெரியாத பரம சாது மாதிரி திறந்து வழிவிடும்.

இப்படி ஒரு கதவுக்குள் மாட்டிக்கொண்டவள் என்ன சொன்னாலும் யார் நம்புவார்கள்? அதுவும் அவள் புருஷன் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தால்?

பொய் சொல்கிறவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லிக்கொள்பவர் அவர். டிக்கெட் இல்லாமல் யாராவது சிக்கினால், அபராதத்தை வாங்கிக்கொண்டு லேசில் விட்டுவிட மாட்டார். பேருந்தின் நடுவில் நிறுத்தி, எல்லாரும் திரும்பிப் பார்க்கிற குரலில், எங்கே ஏறினாய், எங்கே இறங்கப் போகிறாய் என்று நிதானமாக விசாரிப்பார். அந்த ஆள் தடுமாறத் தொடங்கியதும் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். வீட்டிலும் அதே பழக்கம்தான். மனைவி ஒல்லியானவள் என்பதால் ஈர்க்குச்சி என்று பெயர் வைத்திருந்தார். நாலு பேர் கூடியிருக்கும்போது மட்டும் அப்படிக் கூப்பிடுவார். தனியாக இருக்கும்போது பெயரே கிடையாது, விரலைச் சொடுக்குவார்.

ஈர்க்குச்சிக்கு ஒரு பெரிய ஓட்டலின் நிலவறையில் துணி தேய்க்கிற வேலை. கையால் இழுக்கிற இஸ்திரிப் பெட்டி அல்ல; கட்டில் அகலத்துக்கு இரண்டு இரும்புத் தகடுகள். கீழ்த் தகட்டில் ஈரப் படுக்கைவிரிப்பைச் சுருக்கமில்லாமல் பரப்பிவிட்டு, காலடியில் இருக்கும் மிதியை அழுத்த வேண்டும். மிதி இந்தப் பக்கம் தாழ்ந்தால், அடியில் ஓடுகிற நீளமான கம்பி அந்தப் பக்கம் எழும்பி, மேல் தகட்டைக் கொண்டுவந்து அமுக்கும். நீராவி சீறும். காலை எடுத்தால் தகடு தானே எழுந்துகொள்ளும். மனிதத் தசையால் தூக்கவே முடியாத இரும்பை ஒரு பெண்ணின் குதிகால் ஏற்றி இறக்கும். அந்தக் குதிகாலுக்குத் தன் எடை எங்கே போய் என்ன செய்கிறது என்று நன்றாகத் தெரியும். அவளுக்குத்தான் அது தெரியும் என்பது தெரியாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் நிலவறைக்குள் இறங்கினால், மேலே வரும்போது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். விடுமுறை நாளில் சமையலறை. அதன் ஜன்னல் பக்கத்துக் கட்டடத்துக் குழாய்களைப் பார்த்தபடி இருக்கும். இப்படியே வருஷங்கள் ஓடியதில், சாயங்காலம் என்பது மற்றவர்கள் சொல்லிக் கேள்விப்படுகிற சங்கதியாகிவிட்டது. துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சாமான் லிஃப்டில் ஒரு கடற்கரைப் படம் ஒட்டியிருந்தது: தென்னை மரங்கள், செக்கச்சிவந்த வானம், கீழே இறங்குகிற சூரியன். வண்டிகள் உரசி உரசிப் படத்தின் கீழ்ப்பாதி கிழிந்து போயிருந்தது. கடலே இல்லை. சூரியன் எதைத் தொடப் போகிறதோ அந்த இடத்தில் வெறும் தகரம். லிஃப்ட் ஏறுகிற நேரமெல்லாம் அவள் அந்த மிச்சப் பாதியை மனத்தில் வரைந்து பார்த்துக்கொள்வாள். தண்ணீரைத் தொடுகிறபோது சூரியன் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு ஒரு தீராத சந்தேகம்.

ஆகவே, அந்தப் படத்துக் கடற்கரை இருக்கிற தீவுக்குப் போகலாம் என்று பரிசோதகர் சொன்னபோது அந்த மிச்சப் பாதிதான் அவள் நினைவுக்கு வந்தது. மகிழ்ச்சியைக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் அதை வைத்தே விளையாடுவார்.

பயணம் அவளுக்காக அல்ல. பரிசோதகரின் தம்பிக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. தம்பி மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், சிரித்த முகம். அவளிடம் தன் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டும் என்று பரிசோதகருக்கு ஆசை. கூட்டமில்லாத பருவமாகப் பார்த்து, சரக்கு ஏற்றுகிற கப்பலில் இடம் பிடித்தார். ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம் எல்லாம் வீட்டிலிருந்தே மூட்டை கட்டினார். குடிதண்ணீர்கூட பாட்டில் பாட்டிலாக வந்தது. தூக்கியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கடற்கரையில் நாற்காலியும் குடையும் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் மணல் இலவசம்தானே என்று ஒரு பழைய போர்வையை மடித்து வைத்துக்கொண்டார்.

விடுதியும் அப்படித்தான் பிடித்தார். புகழ்பெற்ற அந்த மேற்குக் கரையிலேயே, ஆனால் படகுக் கொட்டகையை ஒட்டி. உயரமான மரத்தூண்களின் மேல் இரண்டு பலகை அறைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் சின்னத் தாழ்வாரம், இறங்க மரப்படி. கதவு வடக்கே பார்த்திருக்கும், எதிரே தென்னைகள். ஒரே ஜன்னல் கிழக்கே. அதில் கொசுவலைக் கம்பி ஆணியடித்திருக்கும். எதிரே கொட்டகையின் வெள்ளைச் சுவர். கடல் எந்தப் பக்கமும் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். ‘கண்ண மூடிக்கிட்டா கடல் பாத்த அறைதான்’ என்று பரிசோதகர் சொன்னதற்குத் தம்பி மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கையில் மூன்று சாயங்காலங்கள் இருந்தன. நாலாம் நாள் விடிந்ததும் கப்பல்.

முதல் சாயங்காலம் எல்லாரும் கிளம்பினார்கள். பரிசோதகர் வெளியே வருவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் மனைவி போய்த் தாழ்வார நுனியில், படிக்குப் பக்கத்தில், அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். காற்றுக்காகத் திறந்தே கிடக்கும் கதவை அவர் சாத்திக்கொண்டு, உள்ளே சாவகாசமாகத் தலை வாரி, கதவைத் தள்ளித் திறந்து வருவார். அவள் குனிந்து செருப்பைப் போட, அவர் காலை நுழைப்பார். அன்றும் அப்படியே வந்தார். நாலு எட்டு நடந்ததும் போர்வை ஞாபகம் வந்தது. விரலைச் சொடுக்கினார். அவள் திரும்ப ஓடிப்போய் எடுத்தாள். அதற்குள் கடற்காற்றில் கதவு சாத்திக்கொண்டது.

தள்ளினாள். விரலளவு விலகி நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். இன்னும் இறுகியது. குரல் கொடுத்தாள், அலைச் சத்தம் அதை வாங்கி விழுங்கிக்கொண்டது. ஜன்னல் வழியாகக் கொட்டகைச் சுவர் தெரிந்தது. சுவரின் கீழ்ப்பாதியில் அவள் இருந்த அறையின் நிழல் விழுந்திருந்தது, மேல்பாதியில் வெயில். அவள் பார்க்கப் பார்க்க நிழல் மேலே ஏறியது. சூரியன் இறங்க இறங்க நிழல் ஏறும்; இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். வெயில் பட்டை ஒடுங்கி ஒடுங்கி, மஞ்சளாகி, செங்கல் நிறமாகி, சுவர் விளிம்பில் ஒரு சிவப்பு நூலாகி, அணைந்தது.

இருட்டுகிற நேரத்தில் பரிசோதகர் வந்தார். வெளியிலிருந்து ஒரு விரலால் கதவை இழுத்தார். திறந்துகொண்டது.

“போர்வை எடுக்க அனுப்புனா போர்வை போத்திப் படுத்துட்டியா?”

கதவு திறக்கவில்லை என்று அவள் சொன்னாள். அவர் முகத்தில் பேருந்துச் சிரிப்பு வந்தது. தம்பியையும் அவன் மனைவியையும் கூப்பிட்டார். எல்லாரும் பார்க்க விசாரணை நடந்தது. அவளைத் தாழ்வார நுனியில் நிறுத்திவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தள்ளினார். திறந்தது. பிறகு அவளை உள்ளே அனுப்பித் தான் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, இப்போது தள்ளு என்றார். தள்ளினாள். திறந்தது. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

“எனக்கும் தொறக்குது, உனக்கும் தொறக்குது. ஆள் பாக்காதப்ப மட்டும் தொறக்காதாம். கேட்டியாம்மா, எங்க வீட்டுக் கத?” என்று தம்பி மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

சூரியன் எப்படி இருந்தது என்று அவள் மெல்லக் கேட்டாள். தம்பி மனைவி வாயைத் திறப்பதற்குள் பரிசோதகர் முந்திக்கொண்டு, “ரவுண்டா இருந்துச்சு,” என்றார்.

மறுநாள் முழுவதும் அந்தக் கதவுதான் பேச்சு. விடுதியை நடத்துகிற அம்மாளிடமும் அவர் கதையைச் சொன்னார். அந்த அம்மாள் காலையில் அறைகளைப் பெருக்கிவிட்டு, சாயங்காலம் கரையில் பழத் துண்டுகள் விற்கப் போகிறவள். கதவில் ஒரு குறையும் இல்லை, நான்கு வருஷமாக இப்படித்தான் இருக்கிறது என்று சொன்னாள். அது உண்மைதான். அவள் எப்போதும் வெளியிலிருந்துதான் திறப்பாள்.

இரண்டாம் சாயங்காலம், ஈர்க்குச்சி சேலை மாற்றிக்கொண்டிருந்த நேரம், மற்ற மூவரும் ஓசைப்படாமல் படியிறங்கினார்கள். கதவைச் சாத்தியது பரிசோதகர். அவள் வந்து தள்ளினாள். விரலளவு. அந்த இடுக்கில் தென்னைகளுக்கு நடுவே மூன்று பேரும் மணலில் நிற்பது தெரிந்தது. அவர்களில் யாராவது ஒருவர் தாழ்வாரத்தில் நின்றிருந்தால் கதவு அன்றைக்கும் திறந்திருக்கும். ஆனால் வேடிக்கை பார்க்க மணல்தான் வசதி. இடுக்கில் அவள் விரல்கள் துடிப்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

“தள்ளு ஈர்க்குச்சி, தள்ளு,” என்று பரிசோதகர் உற்சாகப்படுத்தினார். “நேத்து சாப்ட முட்டையெல்லாம் எங்க போச்சு?”

தம்பி கைதட்டினான். தம்பி மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே, “பாவம் அக்கா, தொறந்து விட்டுடலாமே,” என்றாள். நடிப்புக்கெல்லாம் இடம் கொடுத்தால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள் என்று பரிசோதகர் சொன்னார். சூரியன் போய்விடும், வாருங்கள் என்றார். தம்பி மனைவி ஒரு நொடி நின்று கதவைப் பார்த்தாள். பிறகு அவளும் போனாள். அவளுக்கும் சூரியன் வேண்டியிருந்தது.

ஈர்க்குச்சி கதவின் மேல் விழுந்து விழுந்து மோதினாள். மோதிய வேகத்தில் சுவரோரம் திறந்து வைத்திருந்த தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது. வீட்டிலிருந்து அவள் சுமந்து வந்த தண்ணீர். ஏச்சுக்குப் பயந்து அதைத் துடைக்கத்தான் குனிந்தாள்.

தண்ணீர் அவளை நோக்கி ஓடி வந்தது. அவள் காலடியில் குட்டையாகத் தேங்கியது. துணி எடுக்க இரண்டு எட்டுப் பின்னால் போனாள். தேங்கிய தண்ணீர் மனம் மாறினாற்போலத் திரும்பி, கதவடி வழியாக வெளியே ஓடியது.

அவள் துணியைக் கீழே வைத்தாள். மறுபடி கதவருகே போய் நின்றாள். தண்ணீர் வந்தது. விலகினாள். போனது.

தரையில் கை வைத்துப் பார்த்தாள். கதவுக்கு அடியில் ஓடிய பலகை மற்றவற்றைப் போல அறைக்குள்ளேயே முடியவில்லை. ஒரே நீளப் பலகையாகக் கதவடி வழியாக வெளியே போய்த் தாழ்வாரப் படிவரை நீண்டிருந்தது. கதவுக்கு நேர் கீழே குறுக்கே ஒரு உத்தரம். அதன் மேல் மட்டும்தான் ஆணி பிடித்திருந்தது. இரண்டு நுனி ஆணிகளையும் உப்புக்காற்று தின்றுவிட்டது. உள் நுனிக்குக் கீழே இருக்க வேண்டிய கட்டை எப்போதோ உளுத்து விழுந்து, அங்கே வெறும் பள்ளம். பூங்காவில் குழந்தைகள் ஏறி இறங்குகிற சீசா பலகை எப்படியோ, அப்படி. உள்ளே கதவருகே நின்றால் இந்த நுனி தாழும். அந்த நுனி எழும். கதவோ வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. எழுந்த பலகை அதன் அடியில் முட்டுக் கொடுத்துவிடும். ஆவேசமாகத் தள்ளுகிறவன் உடம்பைக் கொடுத்துத் தள்ளுவான். உடம்பைக் கொடுக்கக் கொடுக்கக் காலடியில் எடை ஏறும். எடை ஏற ஏற முட்டு இறுகும். கதவைச் சாத்திக்கொண்டிருந்தது அவளேதான்.

பரிசோதகருக்கு மட்டும் ஏன் திறந்தது என்பதும் அப்போது விளங்கிற்று. அவர் கனத்தவர், நியாயமாக அவருக்குத்தான் சுத்தமாகத் திறக்கக் கூடாது. ஆனால் அவர் கதவைத் தள்ளும்போதெல்லாம் அவள் பலகையின் வெளி நுனியில், படிக்குப் பக்கத்தில், செருப்போடு நின்றாள். சீசாவில் நடுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த குண்டுப் பையனை, தூர நுனியில் உட்கார்ந்த நோஞ்சான் தாங்கிவிடுவான் அல்லவா? அவர் நின்றது நடுவில். அவள் நின்றது நுனியில். அவர் கதவு திறந்ததெல்லாம் அவள் எடையில்.

நிலவறையில் வருஷக்கணக்காக மிதியை மிதித்த குதிகாலுக்கு இதில் ஒன்றும் புதிதில்லை. அவள் பலகையை விட்டு இறங்கிப் பின்னால் நின்றாள். கையை நீட்டினாள். உள்ளங்கையால் லேசாகத் தொட்டதுதான் தாமதம், கதவு திறந்தது.

வெளியே வந்தாள். தென்னைகளுக்கு மேலே வானம் சாம்பலாகிவிட்டிருந்தது. இந்தத் தீவு இருக்கிற இடம் பூமியின் இடுப்பு, நிலநடுக்கோடு. இங்கே சூரியன் சாய்வாகச் சறுக்குவதில்லை, செங்குத்தாக விழும். வேறு ஊர்களில் போல வெகுநேரம் நின்று விடைபெறாது. நீரைத் தொட்டபின் ஒரு டம்ளர் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். முடிந்துவிட்டிருந்தது.

தூரத்தில் அவர்கள் சிரித்துக்கொண்டு வருவது கேட்டது. ஓடிப்போய், நான் வெளியே வந்துவிட்டேன், காரணம் இதுதான், வந்து பாருங்கள் என்று சொல்லத்தான் முதலில் காலெடுத்து வைத்தாள். சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரிந்தது. அவர் பலகையில் நின்று பார்ப்பார். தலையாட்டுவார். பிறகு, நான் அன்றைக்கே சொன்னேனே, பலகைதான் என்று தம்பி மனைவியிடம் விளக்குவார்.

அவள் உள்ளே போனாள். கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டாள். கட்டிலில் உட்கார்ந்து, அவர் வந்து ஒரு விரலால் திறக்கும்வரை காத்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் பரிசோதகர் ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். கப்பல் டிக்கெட்டோடு இலவசமாக வந்தது. சூரியன் மறைகிற நேரத்தில் படகில் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். மூன்று பேருக்கு மட்டும். நாலாமவருக்குத் தனியாகக் கட்ட வேண்டும். அவர் யாரையும் கேட்கவில்லை. யோசிக்கிற பாவனைகூட இல்லை.

“நாங்க மூணு பேரும் போய்ட்டு வரோம். நீ மூட்டையக் கட்டி வெய்யி. எப்படியும் உனக்குத்தான் கதவு தொறக்காதே.”

அவள் சரி என்றாள். அவர் கொஞ்சம் ஏமாந்து போனார். அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தார்.

சாயங்காலம் தம்பியும் மனைவியும் நல்ல இடம் பிடிக்க முன்னாலேயே படகுத்துறைக்குப் போனார்கள். விடுதி அம்மாள் பழக்கூடையோடு கரைக்குப் போய்விட்டாள். பரிசோதகர் படகுக்கென்று புதுச் சட்டையை எடுத்தார். வழக்கம்போல மனைவியைச் செருப்போடு வெளியே அனுப்பினார். சீட்டு வியர்வையில் நனைந்துவிடும் என்று அதையும் அவள் கையிலேயே கொடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டு தலை வாரத் தொடங்கினார்.

அவள் பலகையின் நுனியில் நின்றாள். உள்ளே சீப்பு ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு சீப்பை வைக்கிற சத்தம். அவர் கதவை நோக்கி வருகிற காலடி அவள் பாதத்துக்கே தெரிந்தது, பலகை சொல்லியது.

அவள் குனிந்து செருப்பை ஒழுங்காகப் பக்கம் பக்கமாக வைத்தாள். படியில் ஒரு கட்டு கீழே இறங்கினாள்.

கதவு விரலளவு விலகி நின்றது.

“என்ன இது... ஏய், வெளிய என்னத்த வெச்ச?”

“ஒண்ணும் வெக்கலைங்க.”

தள்ளினார். பலகை நுனி அவள் கண்ணெதிரே இரண்டு விரற்கடை எழும்பியது. செருப்புகள் சறுக்கி மணலில் விழுந்தன. அவள் எடைக்கே முட்டுக் கொடுத்த பலகை. அவர் எடைக்குக் கேட்க வேண்டுமா? இடுக்கில் அவருடைய ஒரு கண் தெரிந்தது.

“இழுடி அந்தப் பக்கம். படகு போய்டும்.”

இழுக்க வேண்டியதுகூட இல்லை. ஒரு கட்டு ஏறி நின்றால் போதும்.

“ஒரு விரல்ல தொறக்குங்களே,” என்றாள்.

 பிறகு முழு உடம்பும் கதவில் வந்து விழுந்தது. வசவுகள் வந்தன, அவள் அம்மா, அப்பா, பிள்ளை பெறாத அவள் வயிறு வரை எதுவும் மிச்சமில்லை. ஒவ்வொரு வசவுக்கும் ஒரு மோதல், ஒவ்வொரு மோதலுக்கும் பலகை இன்னும் இறுகியது. அவள் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். நிலவறையில் தகடு சரியாக அமுங்குகிறதா என்று காது கொடுத்துக் கேட்பது போலக் கேட்டாள். சரியாகத்தான் இருந்தது. சீட்டை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படகுத்துறையைப் பார்த்து நடந்தாள்.

படகோட்டிக்கு மூன்று பேர் என்றால் மூன்று தலை. சீட்டை வாங்கிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தான். அண்ணன் எங்கே என்று தம்பி பதறினான்.

“கதவு தொறக்கலையாம்,” என்றாள்.

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். “அண்ணனுக்கா?”

முதலில் சிரித்தது தம்பி மனைவிதான். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அது தம்பிக்கும் தொற்றிக்கொண்டது. அந்த உடம்பை வைத்துக்கொண்டா, தள்ளு அண்ணா தள்ளு என்று அவன் கைதட்டிக் காட்டினான். போய்த் திறந்துவிட்டு வரட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டான். சூரியன் காத்திருக்காது என்று படகோட்டி சொன்னான். தம்பி மேற்கே பார்த்தான், உட்கார்ந்துகொண்டான். நேற்று மணலில் நின்று சிரித்த அதே இரண்டு சிரிப்புகள்தான், ஈர்க்குச்சி கவனித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவள் பேரிலும் பகையில்லை, அவர் பேரிலும் பகையில்லை. கதவுக்கு வெளியே யார் நிற்கிறார்களோ அவர்களோடு நிற்கும், அவ்வளவுதான்.

சூரியன் தண்ணீரைத் தொட்டது. தொடுவதற்கு முன்பே அதன் அடிப்பக்கம் தட்டையாகி, மேல் தகடு அமுக்கினாற்போல அகலமாயிற்று. காற்று, கண்ணாடி வில்லை மாதிரி வெளிச்சத்தை வளைத்துத் தூக்கிக் காட்டுவதால் வருகிற விளைவு அது. உண்மையில் அந்த நேரத்தில் சூரியன் கடலுக்குக் கீழே போயே போய்விட்டது. நாம் பார்ப்பது அதன் வளைந்த வெளிச்சத்தைத்தான். அவளுக்கு அது தெரியாது. லிஃப்டில் கிழிந்து போன பாதி இதுதான் என்று மட்டும் தெரிந்தது. கடல் மேல் ஒரு செம்புப் பாதை நேராக அவள் மடிவரை வந்தது. பாதி முழுகியது. முக்கால் முழுகியது. கண்ணை இமைக்காமல் பார்த்தாள்.

ஆனால் இன்னொரு கணக்கும் கூடவே ஓடியது. இப்போது சுவரில் நிழல் பாதிக்கு ஏறியிருக்கும். இப்போது மஞ்சள் போய்ச் செங்கல் நிறம் வந்திருக்கும். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இதோ, சிவப்பு நூல். அணைந்தது. இரக்கம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். படகு திரும்பும்வரை வரவில்லை.

கரையிறங்கியதும் தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ராத்திரிக்குள் மாமா கதவை உடைத்துவிடுவார், சீக்கிரம் வாருங்கள் அக்கா என்று சொல்லிச் சிரித்தாள். விடுதிக்கு அருகில் வந்ததும் சிரிப்பு நின்றது. எந்தச் சத்தமும் வரவில்லை. தம்பி படியேறப் போனான். அவள் தடுத்தாள்.

“நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்.”

அண்ணி இந்தக் குரலில் பேசி அவன் கேட்டதில்லை. மனைவியை இழுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டான்.

அவள் படியேறி, அந்த ஒரு பலகையில் கால் படாமல், பக்கத்துப் பலகையில் நின்றாள். இடுக்கின் வழியே உள்ளே பார்த்தாள். பரிசோதகர் கதவடியில், பலகையின் மேலேயே உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை தோளில் கிழிந்திருந்தது. விரல் நகங்கள் இரண்டு பிய்ந்து ரத்தம் உறைந்திருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், காற்றுதான் வந்தது.

“தொறடி.”

அவள் குனிந்து பலகையைப் பார்த்தாள்.

“தொற... தொறம்மா.”

கல்யாணமான நாளிலிருந்து அந்த ‘ம்மா’வை அவள் கேட்டதில்லை. ஒரு காலை நகர்த்தி அந்தப் பலகையின் நுனியில் வைத்தாலே திறந்துவிடும். காலை நகர்த்தவில்லை. அவர் அவளுக்கு எதையாவது கற்றுக்கொடுக்கும்போது பேசுவாரே, அதே நிதானத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“எழுந்திருங்க. நீங்க உக்காந்திருக்கிற பலகைய விட்டு எறங்குங்க. ரெண்டு எட்டு பின்னால போய் நில்லுங்க. ஒடம்பக் குடுக்காதீங்க. கைய மட்டும் நீட்டி, மெதுவாத் தள்ளுங்க. தொறந்துடும்.”